முதல் கட்டம் சமையலறை

சகாயம் வேலை பார்க்கும் கப்பல் பட்டறை, தன் மென்பொருளை ஊழியர்களின் வீடுகளுக்கும் கொண்டுவந்தது. "எல்லாத்தையும் ஒரே நாள்ல இணைச்சிடவா, கட்டம் கட்டமாவா?" என்று கேட்டார் வந்த அதிகாரி. எதிர்வீட்டு ரோஸ்லின் ஒரே நாளில் முடித்துக்கொண்டாள். சகாயத்தின் மனைவி எமில்டா எதையும் ஆற அமரச் செய்கிறவள். "இப்போதைக்குச் சமையலறை மட்டும் போதும். செய்தி கிய்தியெல்லாம் கடைசியில பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டாள்.

சமையலறை சமர்த்தாகத்தான் இருந்தது. வேலை முடிந்து சகாயம் பட்டறை வாசலைத் தாண்டியதுமே இங்கே தோசைக்கல்லைச் சூடாக்கிவிடும்.

இன்று மத்தியானம் அடுப்பு எரியவில்லை. எமில்டா பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "என்ன கேடு வந்துச்சு உனக்கு?" என்று சுவரைப் பார்த்துச் சிடுசிடுத்தாள்.

"அடுப்பில் பழுது இல்லை அம்மா," என்றது சுவரிலிருந்து மென்பொருளின் குரல். "துக்க வீட்டில் உலை வைக்கக் கூடாது."

"எது துக்க வீடு?"

"அந்தச் செய்திப் பிரிவு உங்கள் வீட்டில் இன்னும் தொடங்கவில்லை. நீங்கள் கேட்டபடி, அது கடைசிக் கட்டம்."

எமில்டா கைபேசியை எடுத்துச் சகாயத்தை அழைத்தாள். வாசல் மணி அடித்தது. அழுது வீங்கிய முகத்தோடு, தூக்குச்சட்டியும் கையுமாக ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள்.

"பிள்ளைங்களையாவது சாப்பிட வைங்க அக்கா."