கொடியில் ஒரு காக்கிச் சட்டை

சட்டை நனையவில்லை.

மத்தியானம் அடித்த மழையில் சோதனைச்சாவடி வாசலெல்லாம் சேறு. கொடியிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் அவள் அதில் போட்டுவிட்டுப் போன காக்கிச் சட்டை மட்டும் கூரைக்கடியில், சன்னல் விளிம்பில், மடித்து வைக்கப்பட்டிருந்தது.

பின்கதவில் பூட்டு அப்படியே இருந்தது.



வனக் காப்பாளர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன பழைய சட்டை அது. அவர் இடத்துக்கு ஆள் போடும் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. வனவர் அவள் ஒருத்தி, சாவடி இரண்டு. மேல் சாவடிக்குப் போகும்போதெல்லாம் கீழே இந்தச் சட்டையைத் தொங்கவிட்டுப் போவாள். பார்க்கிறவன் உள்ளே ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டும்.

நினைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் பாராட்டவே செய்தார்.

"உங்க ஆளு தங்கம் மேடம். ஒரு டீ குடிக்கக்கூட வெளிய வர்றதில்ல."

இப்போது யாருக்கோ தெரிந்துவிட்டது.

சாவடிக்குப் பின்னால் ஓடினாள். அங்கே பதினான்கு ஈட்டி மரங்கள். வெட்ட வருகிறவனுக்கு ஒரு பகல் போதும். இரண்டு தடவை எண்ணினாள்.

பதினான்கும் நின்றன.

பிறகு யார்?

மறுநாள் சட்டையில், ஆடிக்கொண்டிருந்த இரண்டாவது பொத்தான் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தது.

மரம் திருடுகிறவன் பொத்தான் தைப்பானா? பயம் போய், யாரென்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் போலாகிவிட்டது அவளுக்கு. ஒரு நாள் மேல் சாவடிக்குப் போவதுபோலப் போய், பாதியில் திரும்பி, புதருக்குள் உட்கார்ந்துகூடப் பார்த்தாள். கொசுதான் வந்தது.

அந்த வாரமே உத்தரவு ஒன்று வந்தது. மலைக் குடியிருப்புகளிலிருந்து தற்காலிகக் காவலராக ஒருவரை எடுத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பப் படிவத்தை நாலாக மடித்தாள். ஒரு பேனாவோடு சட்டைப் பையில் வைத்து, கொடியில் தொங்கவிட்டுப் போனாள்.

சாயங்காலம் படிவமும் பேனாவும் பையிலேயே இருந்தன. சலிப்போடு பிரித்தாள்.

எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

பெயர், மாதி. பெண். வயது முப்பத்து நான்கு.

முன் அனுபவம் என்ற இடத்தில், "இரண்டு மாதம். இங்கேயேதான்."

அவள் விரல்விட்டு எண்ணினாள்.

மழை பெய்தது போன புதன்கிழமை.

காப்பாளர் மாற்றலாகிப் போய்த்தான் இரண்டு மாதம்.