கன்னி மூலை

எலுமிச்சம்பழம் மறுபடியும் உருண்டது.

சமையல் மேடையின் நடுவில்தான் வைத்தாள். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு நிதானமாக உருண்டு, மேடை ஓரத்தைத் தாண்டி, தென்மேற்கு மூலையில் போய் விழுந்தது.

பூஜைக்கென்று அண்ணன் வாங்கி வந்த பழம்.

அவளுக்குக் காது மடல்கள் சுட்டன.

அந்த மூலையில், தரைக்கு அடியில், பேட்டரிகள். ஒட்டினாற்போல் தண்ணீர்த் தொட்டி. அவள் வரைந்து கொடுத்த படத்தில் இரண்டும் இந்தப் படகு வீட்டின் நடுக்கோட்டில் இருந்தன.

வீட்டை மண் தாங்குகிறது. எந்த மூலையில் எதை வைத்தாலும் மண் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் பொறுக்காது. கனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் இறங்கிக் காட்டிவிடும். மிதக்கும் வீட்டில் ஒரு பீரோ வைப்பதென்றால்கூட, எதிர்ப்பக்கம் என்ன வைக்கப்போகிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். போலந்துக் குளிரில், படகு கட்டும் பட்டறையில் நின்று, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத்தான் போயிருந்தாள்.

அண்ணன் அந்தப் பட்டறையைப் பார்த்ததுகூட இல்லை.

அங்கே ஒரு போன் செய்தார். அவ்வளவுதான்.

அவள் லண்டனில் சுங்க அலுவலகத்துக்கும் துறைமுகத்துக்கும் அலைந்துகொண்டிருந்த வாரம் அது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், கனம் இருந்தால்தான் குடும்பம் நிலைக்கும் என்று மதுரை வாஸ்துக்காரர் வீடியோ காலில் சொன்னாராம். இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனியில் முதல் பெயர் அண்ணனுடையது. பட்டறையில் மாற்றிவிட்டார்கள்.

நேற்று கிரேன் படகைத் தேம்ஸ் ஆற்றில் இறக்கித் தூக்குப் பட்டைகளை உருவியபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

படகு ஒரு தோளைத் தாழ்த்திக்கொண்டது.

“படகு திரும்பும் அண்ணா. வாங்குறவங்க வேற கரையில கட்டினா உங்க கன்னி மூலை எங்க போகும்?”

“முதல்ல தண்ணியில இறங்குறப்ப எந்தத் திசையோ, அதான் கணக்கு. உனக்கு எதுக்கு பாப்பா இதெல்லாம்?”

பாப்பாவுக்கு நாற்பத்தோரு வயது.

காலையிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் எதிர் மூலைக்கு இழுத்தாள். சோபா. காஸ் சிலிண்டர். கரையில் கிடந்த செங்கற்கள். மேடைக்கு அடியில் இருந்த பாத்திரங்கள். படகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. ஆனாலும் ஒரு விரல் அளவு சாய்வு மிச்சம். வெள்ளிக்கிழமை எடைக்கற்கள் வந்துவிடும். அடித்தட்டில் அடுக்கிவிட்டால் சரியாகிவிடும்.

இன்று வெள்ளிக்கிழமை இல்லை.

இன்று அவர்கள் வருகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் மனைவி. முதல் படகு, முதல் ஆட்கள். இது விற்றால்தான் அடுத்த படகு. விற்காவிட்டால் கம்பெனி என்று ஒன்று இல்லை. அவளுக்குத் திரும்பிப் போக வேலையும் இல்லை.

கரையில் ஒரு கார் வந்து நின்றது.

அவள் அண்ணனைப் பார்த்தாள். நல்ல உடம்பு. கோட் வேறு போட்டிருந்தார்.

“அந்த பெஞ்சுல போய் உட்காருங்க.”

அது வடகிழக்கு மூலை.

“ஈசானியத்துல பாரம் வைக்கக் கூடாது பாப்பா.”

“நீங்க என்ன பாரமா? உட்காருங்க. எழுந்துக்காதீங்க. எதுக்கும்.”

உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது.

அவள் பழத்தை எடுத்து வந்து மேடையில் வைத்தாள். கையை எடுத்தாள்.

நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வந்தவர்களை நடுவிலேயே நடக்க வைத்தாள். பெரியவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். தரையைக் குதிகாலால் அழுத்தினார். அவர் மனைவி ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடினார். கழிவுநீர் எங்கே போகிறது, பனிக்காலத்தில் குழாய் உறையாமல் எது காக்கிறது, சமைக்கிற சூடே படுக்கையறைக்கும் எப்படிப் போகிறது என்று அவள் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட மறந்துபோனது. குனிந்து குழாயைத் தொட்டுக் காட்டினாள். பெரியவரும் முட்டி போட்டு எட்டிப் பார்த்தார்.

“இதுதான் வேண்டும்,” என்றார் அந்த அம்மாள் கணவரிடம், மெதுவாக. பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். “இவ்வளவு யோசித்துச் செய்தது யார்?”

அவள் வாயைத் திறந்தாள்.

“நான்தான்,” என்றார் அண்ணன், பெஞ்சிலிருந்தே, நல்ல ஆங்கிலத்தில். “ஒவ்வொரு அங்குலமும் என் யோசனை. இவள் என் தங்கை. பேப்பர் வேலையெல்லாம் பார்த்துக்கொள்வாள்.”

பெரியவர் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவளைப் பார்த்துக் கனிவாகத் தலையசைத்தார். பேப்பர் வேலைக்கு அவ்வளவு கனிவு போதும்.

வெளியே ஒரு வாத்து கத்திக்கொண்டே போனது.

பழம் மேடை நடுவில் இருந்தது. அசையவே இல்லை.

வெள்ளிக்கிழமை கல் வந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரம். ஒரு கையெழுத்து.

காது மடல்கள் இப்போது சுடவில்லை. குளிர்ந்துவிட்டன.

“அண்ணா,” என்றாள். சின்ன வயதிலிருந்து பழகிய அதே மரியாதைக் குரல். “இங்க வந்து அவங்களுக்குக் கை கொடுங்க. இந்தப் பக்கமா.”

அண்ணன் மலர்ந்துபோனார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். நாலு எட்டில் வந்து, தென்மேற்கில் நின்று, கையை நீட்டினார்.

பெரியவரும் நீட்டினார்.

அந்த அம்மாள் மட்டும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழம் ஒரு கணம் யோசித்தது.