மைதிலி போடாத பாஸ்

“மறுபடியும் ஃபெயிலா?”

போனை வைத்த வேகத்தில் யோகேஷின் டீ டம்ளர் உருண்டது.

சேலத்தில் சின்னதாய்க் கம்பெனி வைத்திருக்கிறான். ஒரு நகராட்சிக்கு வெப்சைட் செய்யும் வேலை கிடைத்திருந்தது. பார்வையில்லாதவர்களும் தாங்களாகவே வீட்டு வரி கட்ட முடிய வேண்டும் என்பது நிபந்தனை. ராசிபுரத்தில் அவர்களுக்குப் பயிற்சி மையம் நடத்தும் மைதிலி சரி என்று சொன்னால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அவளுக்கும் பார்வை கிடையாது.

இவன் அனுப்ப அனுப்ப, அவள் திருப்பிக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை திரும்பினால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே சண்டைக்குப் போய்விட்டான். ராசிபுரம் அவன் சொந்த ஊர்தான். வீட்டுப் பக்கம் போய்த்தான் மாதக்கணக்காகிறது.

“ஏனுங்க மேடம், எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?”

“உங்க மேல எனக்கென்னங்க கோவம்? நாங்க தொடற எடத்தையெல்லாம் போன் சத்தமாப் படிச்சுச் சொல்லும்; வரி கட்டற எடத்துல வெறும் ‘பட்டன், பட்டன்’னு படிக்குது. எதை அமுக்கினா பணம் போவும், எதை அமுக்கினா ரத்தாவும்னு எப்படித் தெரியும்?”

“நீங்க கண்டுபுடிச்சுப் போயிட்டீங்கதானே?”

“நான் இதுலயே பொழங்கறவ. எப்படியோ முட்டி மோதிப் போயிருவேன். அதனாலதான் என்னை வெச்சு முடிவு பண்றதில்லீங்க. புதுசாப் பார்வை போனவங்ககிட்டக் குடுத்துப் பார்க்கச் சொல்லுவேன். அவங்க தனியாக் கட்டிட்டாத்தான் பாஸ்.”

யோகேஷுக்குப் பொறுமை போய்விட்டது.

“நெசமாச் சொல்லுங்க மேடம். கண்ணு தெரியாதவங்க எத்தன பேரு இதுல வந்து கட்டப் போறாங்க? ஊட்டுல புள்ளைங்க கட்டிட மாட்டாங்களா?”

“எல்லாரும் புள்ளைங்ககிட்டச் சொல்லிருவாங்களாங்க?” என்றாள் மைதிலி. “உள்ள ஒருத்தரு காலைல இருந்து உங்க வெப்சைட்டோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்காரு. எங்க சிக்குதுன்னு நீங்களே பாருங்க.”

கதவைத் தள்ளினாள்.

வாசலைப் பார்த்த நாற்காலியில் ஒருவர், போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

யோகேஷ் உள்ளே இரண்டடி வைத்தான். அவனுடைய அப்பா, பாலசுந்தரம்.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், நேராக மகனின் முகத்தைப் பார்த்தார்.

“யாரோ வந்து நிக்கறாப்பல இருக்குது, மைதிலி. யாருன்னு கேளு சாமி.”