ஏழாம் அத்தியாயம்

"பின்னட்டையில என் போட்டோ பெருசா வரணும் மேடம். முன்னட்டையில என் பேரு அதைவிடப் பெருசா வரணும்."

லேத் பட்டறைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பதிப்பக முதலாளியம்மாள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். படத்தில் கருகருவென்ற மீசையோடு ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவருக்கோ தேடினாலும் ஒரு கறுப்பு முடி தேறாது.

"இது எப்ப எடுத்தது சார்?"

"பழசுதான். இதையே போடுங்க. இப்ப இருக்கற மூஞ்சி வேணாம்."

முதல் புத்தகம் போடுகிறவர்களின் அலட்டல் அவளுக்குப் புதிதில்லை. இந்த வயதில் மனுஷருக்கு மாப்பிள்ளைக் களை கேட்கிறது என்று நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நாவல் அப்படி. அதற்காக எந்த அலட்டலையும் பொறுத்துக்கொள்ளலாம்.

குடிமக்களின் நிழலை வரியாகப் பிடுங்கும் ஒரு ராஜா. என் நிழலைத் தரமாட்டேன் என்று ஊரை விட்டு ஓடும் ஒரு படகோட்டியின் மகள். மாயமும் மந்திரமும் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஊரிலுள்ள பதிப்பாளர்கள் எல்லாம் இவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள். முதலாளியம்மாள் மட்டும் சாப்பாட்டை மறந்து படித்தாள். மூச்சுத் திணறிக்கொண்டிருந்த அவள் பதிப்பகத்தை ஒரு புத்தகம் தூக்கி நிறுத்தும் என்றால் அது இதுதான்.

"எல்லாக் கடைக்கும் போகுமா மேடம்? பஸ் ஸ்டாண்டு கடை, ரயில்வே ஸ்டேஷன் கடை?"

"போகும் சார்."

"வெளியூருக்கு?"

"எல்லா ஊருக்கும்தான். முதல்ல கையெழுத்தப் போடுங்க."

ஒப்பந்தத்தை நீட்டினாள். 'இது என் சொந்தப் படைப்பு' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போடவேண்டும். பேனா அந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. சென்ற வருடம்தான் ஒரு மகானுபாவர் அடுத்தவன் நாவலைத் தன்னுடையது என்று கொடுத்து, அச்சடித்ததை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போடவைத்திருந்தார். இன்னொரு முறை அப்படி ஆனால் கடையை இழுத்துமூட வேண்டியதுதான்.

"ஒரே ஒரு விஷயம் சார். ஏழாம் அத்தியாயம் எனக்கு வரவே இல்ல. ஆறுல அந்தப் பொண்ணு ரெண்டு கையாலயும் துடுப்புப் போடறா. எட்டுல ஒத்தக் கையோட நிக்கறா. நடுவுல என்ன ஆச்சு?"

அவர் பேனாவை மூடினார்.

"அந்தக் கை எப்படிப் போச்சு சார்?"

"தெரியாது மேடம்."

"எழுதினவருக்கே தெரியாதா? வெளையாடறீங்களா?" அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "யார் எழுதினது இது?"

"என் பொண்ணு."

இவ்வளவு நேரம் விறைப்பாக இருந்த மனிதர் நாற்காலியில் ஒடுங்கிப்போனார். "வேலை விட்டு வந்தா எப்பப் பாரு எழுதிக்கிட்டே இருப்பா. பேயையும் பூதத்தையும் எழுதி என்னத்தக் கிழிக்கப் போறேன்னு கத்தினேன். கையில கெடைச்ச தாளையெல்லாம் அள்ளி அடுப்புல போட்டேன். மிச்சத்தை என் சம்சாரம் பிடுங்கி ஒளிச்சு வெச்சா. அன்னிக்கு வீட்டை விட்டுப் போனவதான்."

"தேடலையா?"

"தேடாத எடமில்ல. போலீசுக்குப் போனேன். அம்மாவுக்கு உடம்பு முடியல, உடனே வான்னு பேப்பர்ல போட்டேன். அப்புறம் அம்மா போயிட்டான்னு போட்டேன். கொள்ளி போட்டுட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன் மேடம். வரல."

முதலாளியம்மாள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். ஒரு நொடி இளகியவள், மேசைமேல் கிடந்த மீசைக்காரர் படத்தைப் பார்த்ததும் மறுபடி இறுகினாள்.

"சரி, போனது போகட்டும். அவ பேரைச் சொல்லுங்க. அட்டையில அதையே போடறேன்."

"அவ பேரு வேணாம் மேடம். என் பேருதான் வரணும்."

அவ்வளவுதான், அவள் பொறுமை பறந்துவிட்டது. பெற்றவன் என்றால் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பான். இந்த ஆள் எரித்தது போக மிஞ்சியதையும் விழுங்கப் பார்க்கிறானே என்று கொதித்தாள். ஒப்பந்தத்தைக் கிழித்துக் கூடையில் போட்டாள். அருமையான நாவல் கைவிட்டுப் போகிறதே என்ற வேதனையும் சேர்ந்துகொள்ள, தாள்கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. பெத்த பொண்ணோட எழுத்தைத் திருட உங்களுக்குக் கூசல? இந்தப் புஸ்தகம் மட்டும் உங்க பேர்ல வந்து அவ கண்ணுல பட்டுச்சு, எங்க இருந்தாலும் ஓடி வந்து உங்க சட்டையப் பிடிச்சுக் கேப்பா. தெரியுமா?"

அவர் தாள்கட்டைத் தொடவில்லை. மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணில் நீர் நின்றது.

"அதுக்காவது வருவா இல்ல மேடம்?"