வேலி காயும்வரை

"கொடியைப் பார்த்து இறக்குங்க. தண்டு முறிஞ்சா எங்க வீட்டுக்காரர் என்னைச் சும்மா விடமாட்டார்," என்றாள், தோட்டத்து நாற்காலியில் சாய்ந்திருந்தவள்.

"முறியாதும்மா."

பெயின்ட் படிந்த சட்டைக்காரர் மர வேலியிலிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கொடியைத் தரையில் விரித்த துணிமேல் கிடத்தினார். மேலே இன்னொரு துணியைப் போர்த்தினார்.

"வேலிக்குப் பூசுற அந்த மருந்து இலையைக் கருக்கிடாதா?"

"இது தண்ணியில கலந்த மருந்து. இருந்தாலும் மரம் நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் கொடியை ஏத்திக் கட்டணும். நாளைக்குக் கட்டிடலாம்."

பிரஷ் வேலியில் மெல்ல ஏறி இறங்கியது. இதமான வெயிலில் அவள் கண்கள் பாதி மூடின. கனவில் பேசுவதுபோலப் பேசினாள்.

"அவர் நட்ட கொடிங்க. முன்கோபிதான், ஆனா தங்கமான மனுஷன். இன்னொரு ஜென்மம் இருந்தாலும் அவரையேதான் கட்டிக்குவேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, தலைகால் புரியாது."

பிரஷ் நின்றது.

"சொல்ல மாட்டேன்மா," என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, போதும். கிளவுஸைக் கழட்டிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. அம்மாவையும் கூட்டிட்டு சாப்பிட வாங்க."

இன்னொரு ஜென்மத்திலும் அவரையேதான் கட்டிக்குவேன் என்று இத்தனை வருஷத்தில் மனைவி ஒருமுறைகூட அவரிடம் சொன்னதில்லை. கை கழுவி வந்து, அவள் எழுந்திருக்கக் கையை நீட்டினார். அவள் கூச்சத்தோடு தயங்கினாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் எங்களோட சாப்பிடுங்க," என்றாள். "அவர் வந்தா நான் சொல்லிக்கிறேன்."