மைக் செட் மதார் சாகிப்

"பாய், இந்த வருஷம் நீங்க மைக் பக்கமே வரக் கூடாது."

கரோலின் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டாள். ராயபுரத்தில் ஒரு பழைய கிடங்கைக் கலைக்கூடமாக்கி நடத்துவது இவர்கள் இருவரும்தான். ஆட்டம், பாட்டு, நாடகம் அவள் பொறுப்பு. சாவி, நாற்காலி, மைக் செட் மதார் சாகிப் பொறுப்பு.

ஆண்டு விழா என்றால் அவருடைய மைக் கட்டாயம் மக்கர் பண்ணும். சிறப்பு விருந்தினர் மணிக்கணக்கில் அறுத்தாலும் ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் ஏறினால்தான் உயிரை விடும். போன வருஷம் ஃபிர்தௌஸ் பாட்டுக்கு நடுவில். அதற்கு முந்தின வருஷம், நாடகத்தில் ராஜா வாயைத் திறந்த நேரத்தில்.

"செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, ஒயருங்க மேல காலை நீட்டிக்கிட்டு உட்காந்தா மைக் எப்படி உருப்படும்? ஊரே சிரிக்குது பாய்."

"சிரிச்சிகினு போவட்டும்மா."

"எனக்கு அசிங்கமா இருக்கு. மண்ணடியிலேர்ந்து ஒவைஸ் புது செட்டோட வர்றான். நீங்க நாற்காலியப் பாத்துக்குங்க."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "அது நடுவுல நிக்காதா?"

"நிக்கவே நிக்காது."

"அப்ப கஷ்டம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பொறாமை, என்று நினைத்துக்கொண்டாள் கரோலின்.

விழாவன்று ஒவைஸின் செட் கணீரென்று ஒலித்தது. வாசலில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தும் ஒரு வார்த்தை தப்பவில்லை. கரோலினுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து மதி. வியாசர்பாடியிலிருந்து வருகிற பெண், நாலு பேர் முன்னால் வாயே திறக்காதவள். மாதக்கணக்கில் தேற்றி, முதல் தடவையாகத் தனியே பேச ஏற்றியிருந்தாள் கரோலின். மதியின் அம்மா தாயம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்... நான் இந்தக் கடலோட..."

அதோடு நின்றது.

"நான் இந்த..."

அவள் எச்சில் விழுங்குவதுகூடக் கடைசி வரிசை வரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் நாலு பேர் சிரித்தார்கள்.

"என்னடா ஆச்சு ஒவைஸ்?"

"சவுண்டு சூப்பரா கீது டீச்சர். பொண்ணுதான் நின்னுகிச்சு."

மதியின் கண் தளும்பியது. இப்போது இறங்கி ஓடினால் இனி எந்த மேடையும் ஏற மாட்டாள். கரோலினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் சுவிட்ச் பாக்ஸ் இருந்தது. குனிந்து ஒயரைப் பிடுங்கிவிட்டாள்.

மைக் செத்தது. சிரித்த கூட்டம் அப்படியே மதார் சாகிப் பக்கம் திரும்பியது.

"இன்னா பாய், புது செட்டையும் காலி பண்ணிட்டியா?"

ஒயர் பக்கமே போகாத மனுஷர் கையை விரித்தார். "நாற்காலி எடுக்கறப்போ ஒயர்ல கால் மாட்டிகிச்சுப்பா."

ஆளாளுக்கு அவரைக் கலாய்க்க, மேடையை யாரும் கவனிக்கவில்லை. கரோலின் மதிக்குத் தண்ணீர் கொடுத்து, காதில் அடுத்த வரியைச் சொன்னாள். ஒவைஸ் திட்டிக்கொண்டே ஒயரை மாட்டினான். மதி பேச ஆரம்பித்தாள். முடியும்வரை எங்கேயும் நிற்கவில்லை. தாயம்மா அழுதுகொண்டே கைதட்டினாள்.

கூட்டம் கலைந்ததும், நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் கரோலின் வந்தாள்.

"பிடுங்கினது நான். பழியை எதுக்கு பாய் நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"பாத்துகினுதான்மா இருந்தேன். ஆனா அப்டி வெடுக்குனு புடுங்கக் கூடாது, ஒயரு அறுந்துடும்" என்றார் மதார் சாகிப். "கால் கட்டைவிரலால லேசா இழுத்தா போதும். வருஷா வருஷம் நான் அப்டித்தான் பண்ணுவேன்."