இடது காலில் ஒரு பொட்டு

"வலது கால் ஏறிருச்சுண்ணே. இடதுதான் ஏறமாட்டேங்குது," என்றாள் சரண்யாதேவி, மடியில் இருந்த மகளின் காலைப் பிடித்தபடி.

படம் எடுக்க வரும் குழந்தைகளுக்கெல்லாம் அந்தக் காளவாசல் ஸ்டுடியோவில் போட்டுவிடுகிற சிவப்பு ஷூ அது. ஸ்டுடியோக்காரர் சிவக்குமார் குனிந்து தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஷூ வேணாம்மா, வெறுங்காலே அழகுதான். இந்த அண்ணனோட வேலைய முடிச்சிட்டு வாரேன். அஞ்சு நிமிசம்."

அவர் உள்ளறைக்குப் போனதும், பெஞ்சின் மறுமுனையில் இருந்த அந்த அண்ணன் குழந்தையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"பதினோரு மாசமா?"

"ஆமா."

"பதிமூணு கிலோ."

சரண்யாதேவிக்குச் சுருக்கென்றது. போன வாரம் தடுப்பூசி போட்ட இடத்தில் எடை பார்த்தபோது அதேதான் காட்டியது. குழந்தையைத் தன் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தாள்.

"புள்ள எடையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாதீங்கண்ணே. நீங்க என்ன டாக்டரா?"

"ரேஷன் கடையில எடை போடுறேன்."

"அதான் அரிசி மூட்டையப் பாக்குற மாதிரியே பாக்குறீக."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "பொறக்கையில நாலரை இருந்திருப்பா," என்றார்.

"நாலே முக்கால். மேலூர் ஆஸ்பத்திரியே கூடி நின்னு பாத்துச்சு." பெருமையை அவளால் அடக்க முடியவில்லை.

"நாக்கு எப்பவும் இப்படி வெளியதானா?"

"பொறந்ததுல இருந்தே. சாமி நாக்கு. அதான் காளீஸ்வரின்னு பேரு வச்சோம்."

"காது மடல்ல வெட்டுன மாதிரி கோடு இருக்கும்."

இருந்தது. சரண்யாதேவி குழந்தையின் காதைக் கையால் மூடினாள்.

அவர் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். "பயப்படாத தங்கச்சி. சில புள்ளைகளுக்கு உடம்பு கொஞ்சம் அவசரமா வளரும். சிலதுக்கு ஒரு பக்கம் மட்டும் கூட வளரும். அதுல ஒண்ணும் கெடுதல் இல்ல. ஆனா அப்படி வளர்ற புள்ளைகளுக்கு வயித்துக்குள்ள, கிட்னியில, கட்டி வர்ற வாய்ப்பு மத்தவுகளவிடக் கூட. எல்லாத்துக்கும் வராது. மூணு மாசத்துக்கு ஒருக்க ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஏழு வயசு வரைக்கும். சிறுசா இருக்கையில கண்டுபுடிச்சா எடுத்துரலாம்."

"நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்குண்ணே ஸ்கேன்?"

"நல்லா இருக்கையில எடுக்குறதுக்குத்தான் அந்த ஸ்கேன். ஊசி கிடையாது. வயித்துல பசை மாதிரி ஒண்ணு தடவுவாங்க. குளுகுளுன்னு இருக்கும். சிரிச்சுக்கிட்டே படுத்திருக்குங்க."

"எங்க அண்ணனும் பொறக்கையில இப்படித்தான் பெருசாம். கொழுக்கட்டைன்னுதான் கூப்புடுவாக. இன்னைக்குக் குவாரியில கல்லு ஏத்துறான்."

"ஒரு டாக்டரம்மா பேரு எழுதித் தாரேன், அவங்ககிட்ட அதையும் சொல்லு. பரம்பரையா வர்றதா, இந்தப் புள்ளையோட நிக்கிறதான்னு ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அவங்க அதத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. யாரு மேலயும் குத்தம் இல்ல."

சட்டைப் பையில் இருந்து ஒரு சீட்டை எடுத்து, அதன் பின்பக்கம் நிறுத்தி நிதானமாக எழுதி நீட்டினார். டாக்டர் பெயர், இடம், கிழமை, ஸ்கேன் பெயர்.

சரண்யாதேவி வாங்கிக்கொண்டாள். கைப்பையில் இருந்து மைடப்பாவை எடுத்தாள். குழந்தையின் இடது தொடையில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தாள். விரலை அந்தச் சீட்டில் அழுத்தித் துடைத்தாள். முதல் வரி போய்விட்டது.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "வீட்டு மையா?"

"ஆமா. நாங்களே கூட்டுறது."

"நல்ல மை. அழியாது."

அந்த நிதானம்தான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எதிர்ச் சுவரைக் காட்டினாள். "அந்தா பாருங்க."

சுவர் நிறைய ஒரு குழந்தையின் படம் மாட்டியிருந்தது. அதைப் போலவே தன் பிள்ளைக்கும் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றுதான் அவள் மேலூரில் இருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். மடிப்பு மடிப்பாகத் தொடைகள். பொக்கைவாய்ச் சிரிப்பு.

"நாக்கு வெளியதான் இருக்கு. ஒரு தொடை பெருசாத்தான் இருக்கு. அந்தப் புள்ளைக்கு என்ன கொறச்சல்? நான் காலேஜுக்கு வந்து போன காலத்துலயே இந்தப் படம் இங்க இருக்கு. இந்நேரம் பள்ளிக்கூடம் போகும்."

அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். மனதுக்குள் கணக்குப் போடுவதுபோல இருந்தது.

"மூணாம் வகுப்பு," என்றார்.

"பாத்தீகளா? அதோட அம்மா ஸ்கேனுக்குத் தூக்கிக்கிட்டா அலைஞ்சா?"

"இல்ல, அலையல. யாரும் சொல்லல."

வாதத்தில் ஜெயித்த திருப்தியோடு சரண்யாதேவி குழந்தையின் எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. சிவக்குமார் ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கொண்டுவந்து பெஞ்சில், அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். போகும்போது இருந்த சுறுசுறுப்பு அவரிடம் இல்லை.

"பேயாண்டி அண்ணே, பாப்பா பேரும் ரெண்டு தேதியும் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க."

சரண்யாதேவி எட்டிப் பார்த்தாள். சுவரில் சிரித்த அதே குழந்தை சட்டத்துக்குள்ளும் சிரித்தது. படத்துக்குக் கீழே 'தோற்றம்' என்று ஒரு தேதியும் 'மறைவு' என்று இன்னொரு தேதியும் இருந்தன. நடுவில் மூன்று வருடம் எட்டு மாதம்.

"சரியா இருக்கு," என்று பேயாண்டி சட்டத்தைப் பைக்குள் வைத்தபோது, அவள் கசங்கிய சீட்டை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இந்த மைக்குக் கீழ என்ன எழுதுனீக?"